வலது கன்னத்து வெயில்

பஸ் ஓட்டுகிறவனின் முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? பயணிகளுக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். அந்த முதுகை வைத்துக்கொண்டே ஐம்பத்திரண்டு வயது வரை நிம்மதியாக வந்து சேர்ந்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் சீட்டில் உட்கார்ந்தால் கரியாலூர் வரை கண் ரோட்டில் இருக்கும். இறங்கும்போதும் அப்படியே.

அதனால் வலது கன்னத்தில் கறுப்பாக ஒரு திட்டு படர்ந்திருந்ததை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஷேவிங் செய்யும்போது கண்ணில் பட்டது, உண்மைதான். கண்ணாடியில் கறை என்று நினைத்து இரண்டு மூன்று நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கண்ணாடி நல்லாத்தான் கீது,” என்றாள் மனைவி. “உங்க மூஞ்சியத்தான் யார்னா பாக்கணும்.”

மனைவி கூட வந்து காட்டிய தோல் டாக்டர் என் மகள் வயதுள்ள பெண். கன்னத்தின் மேல் ஒரு லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். வேலை என்ன என்று கேட்டார். இருபது வருஷமாக டிரைவர் என்றேன்.

“ஜன்னல் பக்கம் வர்றது இந்தக் கன்னம்தானே?”

கையில் ஸ்டியரிங் இல்லாததால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஆமாம் என்றேன்.

“வெயிலால வந்த மாதிரிதான் தெரியுது சார். ஆனா ஓரம் ஒழுங்கா இல்ல. தினமும் சன்ஸ்கிரீன் போடுங்க, மழைக்காலம் முடிஞ்சதும் வாங்க. பரவியிருந்தா கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்.”

‘வெட்டி’ என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அதில் எது முக்கியமான பாதி என்று அப்போது எனக்குத் தெரியாது. நான்தான் ஏற்கெனவே கறுப்பாயிற்றே, இதற்கு மேல் வெயில் என்ன செய்துவிடும் என்று கேட்டேன்.

“கறுப்புத் தோல் கொஞ்சம் தாங்கும் சார். இருபது வருஷ டிரைவர் சீட்டைத் தாங்காது.”

மருந்துக்கடையில் கொடுத்த டியூபின் மேல் ஐம்பது என்று போட்டிருந்தது. ஐம்பது நிமிஷம் நிற்குமா, ஐம்பது நாளைக்கு வருமா? ஐம்பது வயது வரைக்கும்தான் என்றால் நான் இரண்டு வருஷம் தாமதம். கடைக்காரரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. காசைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை பூசிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். என் நிறத்தின் மேல் அந்த வெள்ளை ஏறியதும் முகம் சாம்பல் பூத்த அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. கண்டக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது.

“இன்னாண்ணே, வூட்ல மாவு அரைக்கச் சொன்னாங்களா?”

கச்சிராயபாளையத்தில் புளி மூட்டையோடு ஏறிய மலைக்கார அம்மா ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “டிரைவருக்குப் பொண்ணு பாக்கறாங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டாந்தாரம்,” என்று சொல்லி அவளுக்கு டிக்கெட் கிழித்தான் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. சாம்பல் முகத்தில் ஒரு வசதி, வெட்கப்பட்டால் வெளியே தெரியாது.

எனக்கு வேறொரு குழப்பம். காலையில் மேற்கே பார்த்து மலையேறுகிறேன், சூரியன் முதுகுக்குப் பின்னால். பிற்பகலில் கிழக்கே பார்த்து இறங்குகிறேன், அப்போதும் முதுகுக்குப் பின்னால். அப்படியிருக்க என் கன்னத்துக்கு வெயில் எந்த வழியாக வருகிறது?

“மலை ரோடு நேராவாண்ணே போவுது?” என்றான் கண்டக்டர். “எத்தினி வளைவு கீது. ஒவ்வொண்ணுலயும் உன் கன்னத்தத்தான் அதுக்குக் காட்டிக்கினு வர்ற.”

கரியாலூரில் எதிரே நிற்கும் மாடு தெரியாத அளவுக்குப் பனி மூடிய நாட்களும் உண்டு. மேகத்துக்குள்ளும் வெயில் இருக்கும், ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்த பாதியில் இருந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க, வெயிலுக்கு மருந்து பூசியவன் அந்த மலையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஐப்பசி பிறந்தபோது திட்டு சுருங்கவில்லை. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. பூச்சு போட்டுப் போட்டு இடது கன்னம் மட்டும் மாப்பிள்ளைக் கன்னம் மாதிரி மினுமினுத்தது.

“கன்னம் மாத்திப் போடறியாண்ணே?” என்றான் கண்டக்டர்.

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. கண்ணாடியில் வலது இடதாகத்தானே தெரியும்? மறுநாள் கண்ணாடி முன்னால் வலது கையைத் தூக்கி, அந்தக் கையாலேயே கன்னத்தைத் தொட்டு, சரியான கன்னம்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு பூசினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள். எனக்கோ ராப்பகல் கத்தி ஞாபகம். சவரக் கத்தியைப் பார்த்தால்கூடக் கன்னம் கூசியது.

லீவு நாள் ஒன்றில் அவள் துணி துவைக்கிற இடத்திலிருந்து கூப்பிட்டாள். என் வெள்ளைத் துண்டு ஒன்று வாளியில் கிடந்தது. அதன் மேல் அவள் தண்ணீர் ஊற்றினாள். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

“சோப்பே ஏற மாட்டேங்குது. இன்னாங்க இது, உங்க மருந்து வாசன அடிக்குது. வண்டியில போறப்ப மூஞ்சி தொடைப்பீங்களா?”

“நான் எங்க தொடைக்கறேன்? வளைவுல ஒரு கை ஸ்டியரிங், ஒரு கை கியரு. துண்டைத் தொடக்கூட நேரமிருக்காது.”

அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டேன். சிரிப்பு நின்றபாடில்லை.

“இப்ப இன்னா பண்ணீங்க?”

அப்போதுதான் கவனித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே தலையை வலப்பக்கம் சாய்த்து, தோளில் கிடந்த துண்டில் கன்னத்தைத் தேய்த்திருக்கிறேன். இரண்டு கையும் ஓய்வில்லாத ஆளுக்கு வேர்வை துடைக்க வேறு வழி ஏது? இருபது வருஷமாக ஒவ்வொரு வளைவிலும் தோளில் கன்னத்தைத் தேய்த்து வந்திருக்கிறேன், மாடு கம்பத்தில் தேய்ப்பதுபோல். தேய்த்ததெல்லாம் வலது கன்னம். இடது கன்னத்தின் மருந்து இடது கன்னத்திலேயே இருந்து அதை அழகாக்கியது. வலது கன்னத்தின் மருந்து துண்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

“வேர்த்தா ஒத்தி எடுக்கணும், தேய்க்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே,” என்றாள். என் காதில் விழாத அந்த இன்னொரு பாதியில் இருந்தது அதுதான்.

மறுநாளிலிருந்து என் துண்டைக் கண்டக்டர் பறிமுதல் செய்துவிட்டான். அவன் கழுத்தில் இரண்டு துண்டு, என் தோள் காலி. வழக்கமாகத் துண்டு கிடக்கும் இடத்தில் கன்னம் போய்ப் போய்ச் சட்டையைத் தேடியது. “அண்ணே, தோளு,” என்று பின்னாலிருந்து குரல் வரும். நாலாவது நாள் பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது வளைவில் புளி மூட்டை அம்மா, “டிரைவரு, தோளு,” என்றாள். கரியாலூரில் சாப்பிட்டு முடித்து, இறங்குவதற்கு முன் இன்னொரு தடவை பூசிக்கொண்டேன். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. வண்டியை ஓரம் நிறுத்தி, கண்டக்டரிடம் துண்டை வாங்கி ஒத்தி எடுத்தேன். பஸ் தாமதமானதற்கு மூஞ்சிதான் காரணம் என்று டைம் கீப்பரிடம் எப்படிச் சொல்வது?

மழை முடிந்ததும் டாக்டரிடம் போனேன். மறுபடி அந்த லென்ஸ். முதல் தடவை பிடித்த போட்டோவைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு கன்னத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அவருடைய மேஜையில் கத்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேப்ளர்தான் இருந்தது.

“பரவல சார். நிறமும் லேசா எறங்கியிருக்கு. இப்ப வெட்ட வேண்டாம். கிரீமை மட்டும் விடாதீங்க.”

“எது வரைக்கும் டாக்டர்?”

“தினமும் காலையில வெளிச்சம் வந்துக்கிட்டிருக்கற வரைக்கும்.”

ஐம்பது என்றால் என்ன என்று இந்தத் தடவையாவது கேட்க நினைத்திருந்தேன். மறந்துவிட்டேன்.

வெளியே வந்தேன். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் உச்சி வெயில். முகமெல்லாம் ஈரம் வழிந்தது. கன்னம் தானாகத் தோளுக்குப் போனது, பாதியில் நிறுத்தினேன். துண்டு கண்டக்டரிடம். தேய்க்கவும் கூடாது, ஒத்த ஒன்றும் இல்லை. வழியட்டும் என்று நின்றேன்.

எதிரே டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

“இன்னா டிரைவரே, அழுதுக்கினு நிக்கறீங்க? டாக்டரு இன்னா சொன்னாரு?”

வேர்வைங்க என்று சொன்னேன். வேர்வைதான் என்று நினைக்கிறேன்.