பீரோவில் இருந்த அளவு ஜாக்கெட்

1999-ம் வருஷம் நவம்பர் மாதம், நம் சபையின் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எனக்கு வந்திருக்கும் வியாதிக்காக ஜெபித்தார்கள். அப்படி ஒரு வியாதி வந்திருப்பது எனக்கே தெரியாது. நான் அன்று கூட்டத்துக்குப் போகவில்லை. நான் ஆயாவாக இருக்கும் நர்சரி ஸ்கூலில் பெற்றோர் வரும் நாள் என்று மிஸ் என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார். நான் இல்லாத இடத்தில் என் பெயரைச் சொல்லி, "அந்தச் சகோதரிக்கு வெளிய சொல்ல முடியாத சீக்கு, ஆளே உருகிட்டிருக்கா, ஆண்டவர் இரக்கம் காட்டணும்" என்று ஒரு சகோதரி கண்ணீரோடு கேட்டாராம். எல்லாரும் ஆமென் சொன்னார்களாம்.

இதை எழுதித் தரச் சொன்ன சபைப் பத்திரிகை ஐயா, "கோபத்தைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்கம்மா" என்றார். குறைத்துப் பார்த்தேன். கோபத்தை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமே இல்லை. அதனால் நடந்தபடியே எழுதுகிறேன். ஆண்டவர் என் கோபத்தையும் கேட்டார். நீங்களும் கேளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது கேஜிஎஃப். கல்யாணமாகி பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்தேன். 1998 அக்டோபரில் என் எடை நூற்று ஒன்பது கிலோ. ஸ்கூலில் பிள்ளைகளுக்கு ஷூ போட்டுவிடக் குனிந்தால் நிமிர முடியாது. சர்க்கரை வேறு. டாக்டரம்மா எடை மெஷினில் முள்ளைப் பார்த்துவிட்டு, "மக கல்யாணத்தைப் பார்க்கணும்னு ஆசை இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். என் ஒரே மகள் ஷீலாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அந்த உடம்புக்குத் துணி வாங்குவது எப்படி என்று அதைத் தூக்கிச் சுமந்தவர்களுக்குத்தான் தெரியும். மற்ற பெண்களுக்கு எண்பது சென்டிமீட்டரில் ஜாக்கெட் முடிந்துவிடும். எனக்கு ஒன்றேகால் மீட்டர் வேண்டும். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் நைட்டி கேட்டேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்க சைஸ் கம்பெனியிலயே பண்றதில்ல ஆண்ட்டி" என்றான். பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். காசு கொடுத்து வாங்க வந்தவளிடம் இந்தப் பேச்சு. இன்றுவரை அந்தக் கடைப் படியை நான் மிதிக்கவில்லை.

டாக்டரம்மா அப்படிக் கேட்ட அன்றே ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, என் வாயைக் கட்டும். என் காலை நடக்க வையும். என் பிள்ளை கல்யாணத்தில் நான் நிற்க வேண்டும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். பாதியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் உட்காராமல் போய் வந்தேன். மூன்றாவது மாதத்தில் தினமும் இரண்டு தடவை. ராத்திரிச் சோற்றை விட்டேன். எங்கள் ஊரில் முத்தே என்று சொல்லும் ராகிக் களி உருண்டை சின்னதாக ஒன்று, நிறைய கீரைச் சாறு, அவ்வளவுதான். ஸ்கூல் பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டைத் தின்னும் பழக்கத்தை விடத்தான் உண்மையிலேயே ஆண்டவர் கிருபை தேவைப்பட்டது.

எடை இறங்கியது. 1999 பிப்ரவரியில் என்னுடைய சந்தன நிற ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு டெய்லர் பாயிடம் போனேன். இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார். "உள்ள இவ்ளோ துணி நிக்குது, வெட்டிடட்டுமா அக்கா?" என்றார்.

"வேணாம் பாய். அப்படியே இருக்கட்டும். திரும்ப குண்டாயிட்டா?"

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படிக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். ஜெபமும் பண்ணினேன், நடக்கவும் நடந்தேன், ஆனால் இது நிலைக்கும் என்று நம்பிக்கை இல்லை. அந்த அவிசுவாசத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பிறகு அது தேவைப்படும்.

ஈஸ்டருக்கு ஆசையாக இரண்டு நைட்டியும் மூன்று ரெடிமேட் ஜாக்கெட்டும் வாங்கினேன். அளவு சரியாக இருந்தது. ஜூனில் எல்லாம் தொளதொள. என் வீட்டுக்காரர் செல்வராஜ், "இந்த நைட்டிக்குள்ள நாம ரெண்டு பேரும் மழைக்கு ஒதுங்கலாம் போல" என்றார். சிரித்தேன். ஆனால் வயிற்றெரிச்சல். உடம்பு எங்கே நிற்கும் என்று தெரியாமல் எதை நம்பித் துணி எடுப்பது? எடை நிற்கும்வரை புதுத் துணி கிடையாது என்று முடிவு செய்தேன். சந்தன நிற ஜாக்கெட்டை மட்டும் பாயிடம் பிடித்துப் பிடித்து நல்ல இடங்களுக்குப் போட்டுக்கொண்டேன். ஸ்கூலுக்கும் கடைக்கும் பழைய தொளதொள ஜாக்கெட்டுகள், தோளில் பின் குத்தி. கழுத்தெலும்பு தெரியும். முகத்தில் தோல் தொங்கியது.

நான் செய்த தப்பு அதுதான். சிக்கனம் பார்த்தேன். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நான் சாகப்போகிறவளாகத் தெரிந்தேன்.

"என்ன ஸ்டெல்லா, உடம்புக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நடக்கிறேன் என்று சொன்னால், "ம்ம், சரி சரி" என்று ஒரு மாதிரி தலையாட்டுவார்கள். நான் நூற்று ஒன்பது கிலோ இருந்து படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோது ஒருவர்கூட எனக்காகக் கை உயர்த்தி ஜெபிக்கவில்லை. ஆரோக்கியமாக நடந்து வந்தபோது ஜெபிக்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியாமல்.

இதற்கு நடுவில் அக்டோபரில் ஷீலாவுக்கு ஜோகுபாளையத்திலிருந்து வரன் வந்தது. நல்ல பையன். அப்பா இல்லை. அம்மா எஸ்தர், தையல் கிளாஸ் நடத்தி அவனைப் படிக்க வைத்தவர். ஷீலாவுக்கும் பிடித்துப்போனது. ஜனவரியில் நிச்சயம் என்று பேசி முடித்தோம். எங்கள் பக்கம் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கும் பெண்ணைப் பெற்றவளுக்கும் சேலை எடுத்து, ஜாக்கெட்டும் தைத்துத் தருவார்கள். அதற்கு அளவு பார்க்க நம் ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். டிசம்பர் முதல் வாரம், "ரெண்டு பேரோட அளவு ஜாக்கெட்டும் அனுப்புங்க சம்பந்தி" என்று எஸ்தர் அம்மா சொல்லி அனுப்பினார்.

எனக்குச் சரியாக இருந்தது அந்தச் சந்தன நிற ஜாக்கெட் ஒன்றுதான். நான்கு தடவை பிடித்தாகிவிட்டது. வெளியே பார்த்தால் சுமார். உள்ளே புரட்டினால் கண்றாவி. பாய் அந்தந்த நேரம் மெஷினில் இருந்த நூலில் தைத்திருக்கிறார். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பிரவுனில் ஒன்று, கடைசியாகப் பச்சை. தையல் கிளாஸ் நடத்திய சம்பந்திக்கு இதையா அனுப்புவது?

கடைக்கு ஓடினேன். ரெடிமேட் ஜாக்கெட் உடம்புக்குச் சரியாக இருந்தால் கைக்கு இறுக்கம். கைக்குச் சரியானது மார்பில் தொங்கியது. இறங்கிய உடம்புக்கு எந்தக் கம்பெனியும் அளவு வைக்கவில்லை. கடைப் பெண், "டைபாய்டா ஆண்ட்டி?" என்றாள். பாயிடம் ஓடினேன். அவர் துணி மூட்டைக்கு நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். "கிறிஸ்மஸ், ரம்ஜான் ரெண்டும் ஒண்ணா வந்துருச்சுக்கா. புதுசு ஒண்ணும் எடுக்கல. ஜனவரிக்கு வாங்க."

"ஆண்டவரே, ஒரே ஒரு புது ஜாக்கெட். இதுகூடவா உம்மால் ஆகாது?" என்று கேட்டேன். கிடைக்கவில்லை. வெட்கத்தோடு அந்தச் சந்தன நிறத்தையே இஸ்திரி போட்டு ஷீலாவிடம் கொடுத்தனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். வரனைப் பேசிவிட்டவர் அவர் கூட வேலை செய்கிறவர்தான். அந்த மனிதர் சொல்லியிருக்கிறார், நிச்சயத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று. ஏன் என்று கேட்டதற்கு, "உங்க வீட்டம்மாவுக்கு எய்ட்ஸாமே. உங்க சபையிலயே ஜெபம் பண்ணாங்களாமே" என்றாராம்.

அப்போதுதான் எனக்கு அந்த நவம்பர் ஜெபம் தெரிய வந்தது. யோசித்துப் பாருங்கள். தெருவில் நாலு பேர் பேசினால் வம்பு என்று தள்ளிவிடுவார்கள். சபையில் கண்ணீரோடு ஜெபித்தால்? யார் சந்தேகப்படுவார்கள்? இன்னொன்றும் கேட்கிறேன். எனக்கு நிஜமாகவே அந்த வியாதி இருந்திருந்தால், ஆமென் சொன்னவர்களில் ஒருவராவது ஒரு டம்ளர் கஞ்சியோடு என் வீட்டுக்கு வந்திருப்பீர்களா?

"டாக்டரம்மா சீட்டைக் கொண்டு போய்க் காட்டிடலாம்" என்றார் வீட்டுக்காரர். "எத்தனை வீட்டுக்குக் காட்டுவீங்க?" என்று கத்தினேன். ஷீலா கத்தவில்லை. "நீ குண்டாவே இருந்திருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் கல்யாணத்தைப் பார்க்கத்தானே நான் ஒரு வருஷம் தெருத் தெருவாக நடந்தேன்!

மறுநாள் மதியம் ஸ்கூலில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் பாயில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். பிள்ளைகள் எழுந்துவிடும் என்று கிசுகிசுத்தே சண்டை போட்டேன். "நீர் நடக்கச் சொன்னீர், நடந்தேன். வாயைக் கட்டச் சொன்னீர், கட்டினேன். என் மேல் பழி வந்தது. அதுவும் உம்முடைய நாமத்தைச் சொல்லி, உம்முடைய வீட்டிலேயே! இதை நான் வாய் திறந்து மறுக்க மாட்டேன். நீர்தான் பேச வேண்டும். என் பிள்ளையைக் காப்பாற்றும்." ஒரு குழந்தை புரண்டு படுத்து என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. அதற்குமேல் அழுகைதான் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. எஸ்தர் அம்மா தனியாக இறங்கினார். கையில் ஒரு கவர். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து உறவை முடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்காருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார்.

"திருப்பிக் குடுத்துடலாம்னுதான் பீரோவுலேர்ந்து எடுத்தேன் சம்பந்தி. பொய் சொல்லக் கூடாது. மடிக்கிறதுக்காக உள்பக்கம் புரட்டினேன்." ஜாக்கெட்டைப் புரட்டி என் முன்னால் விரித்தார். எனக்கு மானம் போனது.

"நான் இருபது வருஷம் தையல் சொல்லிக் குடுத்தவ. இதப் பாருங்க. முதல்ல புதுசா தைச்சப்போ போட்ட தையல். அப்புறம் நாலு தையல், நாலு நூலு. ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு மாதிரி வெளுத்திருக்கு. அப்படின்னா ஒவ்வொரு தடவையும் மாசக் கணக்குல போட்டுத் துவைச்சிருக்கீங்க. அதுகூட விடுங்க. இத்தனை துணிய ஏன் வெட்டாம வெச்சிருக்கீங்க?"

அவரே சொன்னார். "திரும்ப குண்டாயிடுவோம்னு பயம். அதான? சாகக் கிடக்கிற சீக்காளிக்கு எங்கயாவது குண்டாயிடுவோம்னு பயம் வருமா? ஜெபத்துல சொன்னதாச்சேன்னு நம்பிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாயில் உட்கார்ந்து சண்டை போட்ட அன்று, பதில் பன்னிரண்டு நாளுக்கு மேலாக ஜோகுபாளையத்தில் அவர் பீரோவுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் கேட்ட புது ஜாக்கெட்டை ஆண்டவர் கொடுத்திருந்தால், அதில் ஒரே ஒரு தையல்தான் இருந்திருக்கும். அது என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கும்? எனக்குக் கிடைக்காததற்கும் ஸ்தோத்திரம். என் அவிசுவாசத்தைக்கூட வீணாக்காமல் வைத்திருந்தாரே, அதற்கும் ஸ்தோத்திரம்.

அவர் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். "எழுந்திரிங்க சம்பந்தி. அளவு ஜாக்கெட் வேணாம், ஆளையே அளந்துக்கறேன்." அளந்து முடித்து, "உள்ள எவ்வளவு துணி விடட்டும்?" என்று கேட்டார்.

"அரை இஞ்சு போதும்" என்றேன். பயம் இன்னும் இருந்தது. ஆனாலும் சொன்னேன். கதவோரம் நின்றிருந்த ஷீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

ஜனவரியில் நிச்சயம் நடந்தது. மே மாதம் கல்யாணம். அந்த நவம்பர் ஜெபம் செய்த சகோதரியும் நிச்சயத்துக்கு வந்தார். பிரியாணி சாப்பிட்டார். என் கையைப் பிடித்து, "பாத்தீங்களா, நாங்க ஜெபிச்சோம், வியாதி போயிடுச்சு" என்றார். இல்லாத வியாதியைக் குணமாக்கிய பெருமையும் அவருக்கே! வாயைக் கட்டும் கிருபை எனக்கு அன்றைக்கும் தேவைப்பட்டது.

ஆனால் ஒன்றை மறைத்தால் இது சாட்சி ஆகாது. சில வருஷங்களுக்கு முன், புருஷனை விட்டு வந்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி நானும் இதே கூட்டத்தில் ஜெபக் குறிப்பு சொன்னவள். எனக்குத் தெரிந்தது பாதி. சொன்னது முழுசு. அவள் அதற்குப் பிறகு நம் சபைக்கு வரவில்லை. கல்யாணம் முடிந்த வாரம் அவள் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைப் பாதிதான் திறந்தாள். அதுவும் நியாயம்தான்.

பிரியமானவர்களே, ஆண்டவரிடம் கோபமாக இருந்தாலும் அவரிடமே போங்கள். கிசுகிசுத்தாலும் அவருக்குக் கேட்கும். ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அன்று இறங்கி நின்ற எழுபது கிலோவிலேயே நான் இன்றும் இருக்கிறேன். தினமும் காலையில் மார்க்கெட் வரை நடக்கிறேன். அந்தச் சந்தன நிற ஜாக்கெட் என் பீரோவில் இருக்கிறது. எனக்காக ஜெபிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஜீவனஹள்ளிக்கு வந்து அதைப் புரட்டிப் பாருங்கள். சர்க்கரை இல்லாத காபி தருகிறேன்.