ஷட்டர் இல்லாத கடை

வெப்சைட் செய்து பிழைப்பவர்களே, ‘இதுவும் ஒரு கடை மாதிரிதான்’ என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

மும்பை செம்பூரில் வீட்டு ஹாலில் உட்கார்ந்து இந்தத் தொழில் செய்கிறேன். தாராவியிலிருந்து காசிம் பாய் வந்தார். தோல் பைகள் விற்கும் கடைக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். வேறு இடத்துக்கு வாடகை கொடுத்து மாளாது. இனி வெப்சைட்தான் அவருக்குக் கடை. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. “பயப்படாதீங்க பாய், இதுவும் கடை மாதிரிதான்” என்றேன். வந்தது வினை.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் வெப்சைட்டை மூடச் சொன்னார். அது பாட்டுக்குத் திறந்திருக்கட்டும், நீங்கள் நிம்மதியாகத் தொழுதுவிட்டு வாருங்கள் என்றேன். கேட்டால்தானே! கடைசியில் அந்த நேரத்துக்கு மட்டும் இறக்கிய ஷட்டர் படம் ஒன்றை வரைந்து மாட்டினேன். “கடையத் திறந்து போட்டுட்டுப் போய் நின்னா மனசு தொழுகையிலயா இருக்கும்? கல்லாவுலதாம்மா இருக்கும்.”

முதல் போணி

காலையில் முதலில் வருகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாதாம். கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது போணி பண்ணிவிட வேண்டுமாம். வெப்சைட்டுக்கு ஏது பாய் விடியற்காலை? சொன்னால் எடுபடவில்லை. முதல் ஆளுக்கு மட்டும் ‘உங்கள் விலையைச் சொல்லுங்கள்’ என்று ஒரு கட்டம் வைத்தேன். சோதித்துப் பார்க்க நானே பத்து ரூபாய் என்று அடித்தேன். உடனே பாயிடமிருந்து போன். நான்தான் என்று சொல்லியும் விடவில்லை. “போணி நேரத்துல வெளையாடாதம்மா. நியாயமா ஒரு வெலை சொல்லு, பையக் கட்டித் தாரேன்.”

கூடை

யாரோ ஒரு பெண் இரண்டு பைகளை வெப்சைட் கூடையில் போட்டுவிட்டு வாங்காமலே போய்விட்டார். நமக்கு இது தினப்படி சங்கதி, கண்டுகொள்ள மாட்டோம். பாய்க்குச் சோறு இறங்கவில்லை. “தோள்ல மாட்டிப் பாத்துட்டுக் கீழ வச்சிட்டுப் போனாவன்னா, என்ன கொறைன்னு கேக்காம எப்படிம்மா அனுப்புவேன்?”

காலி செய்த மறுநாள்

கடையைக் காலி செய்த மறுநாள், வழக்கமாகக் கடை திறக்கும் நேரத்துக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெப்சைட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. இதுல நான் எங்க உக்காருதது?”

பக்கத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி வரைந்து, அவர் போட்டோவை அதில் உட்காரவைத்து, தொட்டால் அவருடைய போன் அடிக்கும்படி செய்தேன். இப்போது பை வாங்குகிறவர்களைவிட பாயோடு பேசிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், கடை என்றால் அப்படித்தானே இருக்கும்!