குருவிக்கு அறுத்த கதிர்

காலை ஏழு ஐம்பது. சமையலறைக் கடிகாரத்தை நான் அண்ணாந்து பார்த்ததற்குக் காரணம், கொல்லைக்குப் பின்னாலிருந்த வயலில் சில்லைகள் மொத்தமாக எழும்பிய சத்தம். சில்லை என்பது கட்டைவிரல் பருமனுள்ள பழுப்புக் குருவி. நெல் முற்றும் நாட்களில் கூட்டமாக வந்து கதிரில் தொங்கும். நாய் வரப்பில் ஓடினால் ஒரு மூலை மட்டும் எழும்பி அடங்கும். ஆள் உள்ளே இறங்கினால்தான் போர்வையை உதறினாற்போல ஒரே வீச்சில் மேலே போகும். அந்த வயலில் அப்போது யாரும் இறங்கக் கூடாது. தாசில்தார் உத்தரவு இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கிணற்றடியில் நொய் இறைந்து கிடந்தது. பறவைகளுக்கென்று என் மகள் வைக்கும் மண் தட்டில் தண்ணீர் புதிதாக மாற்றியிருந்தது. தவிட்டுக்குருவிகள் வழக்கம்போல ஒன்றையொன்று ஏசிக்கொண்டு நொய்யைப் பொறுக்கின. வேலியில் ஆள் நுழையும் சந்துக்குப் பக்கத்தில் மகளின் செருப்பு. கிணற்றுத் தூணில் மாட்டியிருக்கும், கதிர் அறுக்கிற கருக்கரிவாளைக் காணவில்லை. அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

கணவர் மஸ்கட்டுக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் கொல்லைப் படியில் உட்கார்ந்து பறவை பார்ப்பது எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. அவர் இல்லாத வீட்டில் விடிந்ததும் பேச ஏதாவது வேண்டியிருந்தது. துணி காயும் கொடியில் உட்காரும் கரிச்சான், ஒரு காலை ஊன்றாத மைனா, செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு என்று ஒவ்வொன்றும் எங்களுக்குத் தெரிந்த முகமானது. மின்சாரப் பெட்டிக்கு மேல் கூடு கட்டிய சிட்டுக்குருவி ஜோடியை அவள் சொந்தக்காரர்களைப்போல விசாரிப்பாள். அவற்றுக்காகத் தையில் தாழ்வாரத்து விட்டத்தில் நெற்கதிர் தொங்கவிடுவோம். மாசி பங்குனி வரை குருவிகள் அதில் கொத்தும்.

அந்தக் கதிர் பின்புற வயலிலிருந்துதான் வரும். எங்கள் பக்கத்தில் அறுப்பு தொடங்குமுன் நல்ல நேரம் பார்த்து, சாகுபடி செய்பவர் ஒரு கைப்பிடிக் கதிர் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். புதிர் எடுப்பது என்று பெயர். அதைச் சடைபோலப் பின்னி நிலையிலோ விட்டத்திலோ கட்டுவார்கள். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். எந்த வீட்டில் புதிர் தொங்குகிறதோ அந்த வீட்டுக்குத்தான் வயல்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. மூன்று மா நிலம், ஒரு ஏக்கருக்குக் கிட்ட வரும். கோயிலுக்குச் சொந்தம். குத்தகை என் மாமனார் பெயரில். கணவர் வெளிநாடு போனபோது வடக்குத் தெருக்காரர் ஒருவரிடம் உழுதுகொள்ளச் சொல்லி வாய்வார்த்தையாக விட்டுவிட்டுப் போனார். அவர் உழுதார், நட்டார். புதிரை மட்டும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அவருடைய மனைவிதான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதிரைப் பின்னித் தொங்கவிட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவாள். உறவில்லை என்றாலும் என் மகளுக்கு அவள் அத்தை.

பிறகு ஆட்சி மாறியது. சுவர்களில் ஒரு சின்னத்தை வெள்ளையடித்து இன்னொரு சின்னம் எழுதினார்கள். வடக்குத் தெருக்காரர் கட்சியில் ஒரு பொறுப்புக்கு வந்தார். உழுகிறவன் நான், குத்தகையும் என் பெயருக்கு மாற வேண்டும் என்று மனுக் கொடுத்தார். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கம், என் கணவரின் அண்ணன். அவர் பழைய ஆட்சியின் கட்சி. தம்பி ஊரில் இல்லாத நேரத்தில் நிலத்தைக் கோட்டைவிட்டான் என்ற பேர் தனக்கு வரக் கூடாது என்பது அவர் கவலை. இரண்டு பக்கமும் மோதி, ஒருவருக்கு மண்டை உடைந்தது. அதன் பிறகுதான் அந்த உத்தரவு. விசாரணை முடியும்வரை யாரும் கதிரில் கை வைக்கக் கூடாது. அதிகாரிகள் வந்து நின்று அறுத்து, நெல்லைப் பொதுவில் வைப்பார்கள். யார் முதலில் அரிவாள் வைக்கிறார்களோ அவர்கள் அனுபோகத்தில் நிலம் இருக்கிறதென்று காட்டப் பார்ப்பார்கள் என்று வக்கீல் எங்களை எச்சரித்திருந்தார். அவர்களையும் அவர்களுடைய வக்கீல் எச்சரித்திருப்பார்.

பெரியவர்கள் பேசினோம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. போன வருஷத்துக் கதிர் மொட்டையாகிவிட்டது, குருவி குஞ்சு பொரித்திருக்கிறது என்று இரண்டு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்றேன். அன்று காலை பல் தேய்க்கும்போது, இன்றைக்கு நல்ல நேரம் எப்போது என்று கேட்டாள். ஏதோ நினைவில் காலண்டரைப் பார்த்து ஏழரையிலிருந்து எட்டரை என்று படித்துச் சொன்னேன்.

வேலிச் சந்தில் நுழைந்து வாய்க்காலைத் தாண்டி வரப்பேறினேன். வயலின் ஓரத்தில் ஒரு முறம் அகலத்துக்குக் கதிர் அறுபட்டிருந்தது. ஈரத்தில் சின்னக் கால் தடம். அவளைக் காணவில்லை. எதிர் வரப்பில் வடக்குத் தெருக்காரரின் தம்பி மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தான்.

"என்னக்கா, புதிர் எடுத்தாச்சு போல."

குழந்தை தெரியாமல் அறுத்துவிட்டது, எந்தப் பக்கம் போனாள் பார்த்தாயா என்று கேட்டேன்.

"நான் ஒரு சத்தம் போட்டேன், ஓடிருச்சு. சின்னப் பொண்ண விட்டு அறுத்தா கேஸ் நிக்கும்னு உங்க வக்கீல் சொன்னாராக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வடக்கே போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பி ஓடி ஒவ்வோர் அறையாகப் பார்த்தேன். கட்டிலுக்கடியில், குளியலறையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால். அதட்டினால் ஒளிந்துகொள்கிற பிள்ளை அவள். கூப்பிட்டால் வர மாட்டாள், கண்டுபிடிக்க வேண்டும். கணவருக்குப் போன் போடலாம் என்று எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

அதற்குள் கணவரின் அண்ணன் வந்துவிட்டார். ஊருக்குள் செய்தி அவருக்கு முன்னால் ஓடியிருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எடுத்தது எடுத்தாச்சும்மா. இனிமே பின்வாங்கினா திருட்டுன்னு எழுதுவானுங்க. அறுப்பு மிஷின் பக்கத்து ஊர்லதான் நிக்குது. சொல்லிட்டேன். தாசில்தார் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

பாப்பாவைக் காணோம் அத்தான் என்றேன். இங்கேதான் எங்காவது இருப்பாள் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

நான் திரும்ப வரப்புக்கு வந்தபோது இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்திருந்தது. தெற்கு வரப்பில் எங்கள் பங்காளிகள். வடக்கு வரப்பில் அவர்கள், கையில் அரிவாளோடு. வடக்குத் தெருக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். யாரும் கத்தவில்லை. கத்தினால் யாராவது விலக்கிவிட வருவார்கள். இந்த வட்டாரத்தில் அறுப்புத் தகராறு எதில் போய் முடியும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் கேள்விப்பட்ட கதை ஒன்று இருந்தது.

நான் அவர்களைப் பார்க்கவில்லை. சில்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் திரும்பி வந்து வயலைச் சுற்றியது. மேற்கில் இறங்கியது, கிழக்கில் இறங்கியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறங்கப் போய், இறங்காமல் எழும்பியது. மறுபடியும் வந்தது. அதே இடத்துக்கு மேலே மறுபடியும் சிதறி விலகியது. கதிர் என் இடுப்பளவு. உட்கார்ந்தால் அவள் தலை வெளியே தெரியாது.

சாலையில் மிஷினின் சத்தம் கேட்டது.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். மிஷின் வளைவில் திரும்பி, மடைக்குப் பக்கத்துச் சரிவில் மெல்ல இறங்கியது. அதன் முன்பக்கத்துப் பல் சக்கரம் அப்போதே சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு அண்ணனின் கையசைப்பை மட்டும் பார்த்தான். நான் வரப்பிலிருந்து குதித்துச் சேற்றில் ஓடி மிஷினுக்கு முன்னால் நின்றேன். புடவை கதிரில் மாட்டிக் கிழிந்தது.

"புள்ள உள்ள இருக்கா. நிறுத்துங்க."

எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. என் கையைப் பார்த்துத்தான் நிறுத்தினான். சத்தம் அடங்கியதும் அண்ணனுடைய குரல் தனியாகக் கேட்டது. நடுவில் நிற்காதே, ஒதுங்கு என்றார். நடு வயலைக் காட்டி, குருவி அங்கே இறங்க மாட்டேன் என்கிறது, பாப்பா அங்கேதான் இருக்கிறாள் என்றேன். குருவியை வைத்துச் சொல்கிறாள் என்று யாரோ சிரித்தார்கள்.

முதலில் வயலில் இறங்கியவர் வடக்குத் தெருக்காரர். அரிவாளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கதிரை விலக்கிக்கொண்டு, "பாப்பா, மாமாடா, வெளிய வா" என்று கூப்பிட்டபடி நடந்தார்.

"வயல்ல இறங்கறான் பாருங்க," என்றார் அண்ணன். "இதான் சாக்குன்னு இறங்கறான்."

"அப்ப நீங்களும் இறங்குங்க. உங்க தம்பி மகதான," என்றார் வடக்குத் தெருக்காரர்.

அண்ணன் செருப்பைக் கழற்றினார். அதன் பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி கலந்து, வரிசையாகக் கதிரை விலக்கிக்கொண்டு நடுவுக்குப் போனார்கள். நான் மிஷினின் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டால் அது கிளம்பிவிடும் என்று தோன்றியது. சில்லைகள் வயலைவிட்டே போய்விட்டன. வானம் காலியாக இருந்தது. நான் பார்ப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

நடுவுக்குப் போனவர்கள் நின்றார்கள். கதிர் சலசலத்தது. ஒரு கீரிப்பிள்ளை பாய்ந்து வெளியே வந்து, எல்லார் காலுக்கும் நடுவே புகுந்து வாய்க்காலுக்குள் ஓடியது.

அப்போதுதான் அண்ணனுக்குக் கோபம் வந்தது. வயலில் இல்லை என்றால் பிள்ளையை இவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, வடக்குத் தெருக்காரரின் சட்டையைப் பற்றினார். அந்தத் தம்பி அரிவாளோடு வரப்பிலிருந்து இறங்கினான். எங்கள் பக்கத்திலும் ஒருவர் குனிந்து ஏதோ எடுத்தார். நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயலில் இல்லை, வீட்டில் இல்லை. தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சில நொடிகளில் நினைத்ததை இத்தனை வருஷமாகியும் யாரிடமும் சொன்னதில்லை. அவள் இப்போது தஞ்சாவூரில் படிக்கிறாள். பஸ் கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு அந்த வாய்க்கால்தான் கண்ணில் வரும்.

வாய்க்கால் கரையில், வடக்கேயிருந்து, வடக்குத் தெருக்காரரின் மனைவி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் என் மகள். இன்னொரு கையில் எங்கள் கருக்கரிவாள். மகளின் கையில், சடையாகப் பின்னி முடிந்த கதிர்.

வழக்கு நடக்கும் ஒரு வருஷமாக நானும் அவளும் பேசியதில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிப் போவோம். நேராக வயலுக்கு வந்தவள், சட்டையைப் பற்றியிருந்த கையையோ கணவனையோ பார்க்கவில்லை. என்னிடம்தான் வந்தாள். மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் வாயில் சட்னி ஒட்டியிருந்தது.

"அறுத்துட்டாளாம், பின்னத் தெரியலையாம். அத்தை பின்னிக் குடுங்கன்னு எங்க வீட்டுக்கு வந்து நிக்கிது. பசிக்குதுன்னுச்சு, ரெண்டு இட்லி வச்சுக் குடுத்தேன். இங்க கூட்டமா நிக்கிறீங்கன்னு இப்பத்தான் சொன்னாங்க."

பிறகு வரப்பில் இருந்தவர்களுக்கும் வயலில் இருந்தவர்களுக்கும் சேர்த்துக் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"பாதிக் கதிர எங்க வாசல்ல கட்டிட்டேன். பாதி இந்தப் புள்ள கையில இருக்கு, அவங்க தாவாரத்துல கட்டும். யாரு புதிர் எடுத்தான்னு தாசில்தார் கேட்டா, குருவிக்கு எடுத்ததுன்னு சொல்லுங்க. இப்ப எல்லாரும் கதிர மிதிக்காம வெளிய வாங்க."