ஆபரேஷன் கண்ணாடி

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பவர் பார்ப்பது, லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது, கழன்ற ஸ்க்ரூவை முடுக்குவது எல்லாம் நானேதான். பார்வை சரியாக வேண்டும் என்பதற்காக மட்டும் யாரும் என் கடைக்கு வருவதில்லை. கண்ணாடி போட்டால் வயசு காட்டிக்கொடுக்குமா, மருமகள் சிரிப்பாளா, ஆபீசில் மரியாதை கூடுமா என்று ஆளுக்கொரு கணக்கோடு வருவார்கள். மூக்கின் மேல் எதை வைப்பதாக இருந்தாலும் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் முதல் கேள்வி. இத்தனை வருடம் கடை நடத்தியும் கல்குவாரி விஷயத்தில் எனக்கு அது உறைக்காமல் போனது.

என் வாடிக்கையாளர்களில் ஒரு சொல்தா உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சின்ன அறக்கட்டளை நடத்தினார். சேதராப்பட்டு தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள், சில குடும்பங்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்து நடத்தும் கல்குவாரி ஒன்று இருக்கிறது. குவாரி என்றதும் பெரிய இயந்திரங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்கள் பாறையில் குழி போட்டு ஆப்பு இறக்கிப் பிளப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுத்தியலால் உடைப்பார்கள். கிரஷர் லாரி நுழையாத சந்துகளில் வீடு கட்டுகிறவர்களுக்குக் கடைக்கால் கல்லும் ஜல்லியும் அங்கிருந்துதான் போகும். அவர்களுக்கு நல்ல எஃகுச் சுத்தியல், கையுறை, ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்து, அடிபடாமல் வேலை செய்யப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார் சொல்தா. கடைசியாகக் கண்ணாடிக்கு வந்தார்.

என்னிடம் வரும்போதே பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டிருந்தார். பக்கவாட்டிலும் மூடிய, நல்ல கருப்புக் கண்ணாடிகள். வெயிலுக்கும் ஆகும், தெறிக்கிற கல் சில்லுக்கும் ஆகும் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த பெருமை அவர் முகத்தில். எப்படிப் போடுவது, எப்படித் துடைப்பது என்று அந்தப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்று சொல்லிப் பார்த்தேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறேன் என்றார்.

லாஸ்பேட்டை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனேன். நான் சொன்னதை எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வரிசையின் முதலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இடது கண் வெளிறிப்போயிருந்தது. கல்யாணமான புதிதில் சில்லு தெறித்தது என்றார். இப்போது கணவர் இல்லை. ஒரே மகளை வளர்த்து ஆளாக்கியது மிச்சமிருந்த வலது கண்ணும் சுத்தியலும்தான். அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை மட்டும் நானே மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்தேன். அடுத்த சில்லு வலது பக்கம் தெறித்தால் இருட்டுதான் என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன். எல்லோரையும் கருப்புக் கண்ணாடியோடு நிற்கவைத்துச் சொல்தா போட்டோ எடுத்தார். அது அன்று மாலைக்குள் அவருடைய எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது.

சில வாரம் கழித்துச் சொல்தாவும் நானும் போய்ப் பார்த்தோம். ஒருவர் முகத்திலும் கண்ணாடி இல்லை. வேப்பமரக் கிளையில் தூக்குவாளிகளோடு பிளாஸ்டிக் பைகளில் தொங்கிக்கொண்டிருந்தன, ஒரு கீறல் இல்லாமல். சொல்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காதான் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

இலவசக் கண் முகாமில் புரை நீக்கிய பிறகு ஒரு கருப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். தலைக்குக் குளிக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் கருப்புக் கண்ணாடி என்றால் அது ஒன்றுதான். இவர்கள் அதை மாட்டிக்கொண்டு கல் உடைக்க உட்கார்ந்ததும், சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து சொந்தக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஹார்லிக்ஸும் பிரெட்டும் சாத்துக்குடியும் வர ஆரம்பித்துவிட்டன. ஆபரேஷன் ஆன பொம்பளையைக் கல் உடைக்க விட்டிருக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மகனா என்று ஒரு பையனை அவன் மாமா அடிக்கவே கை ஓங்கியிருக்கிறார். கொண்டுவந்த சாத்துக்குடியைத் திருப்பியா கொடுக்க முடியும்? வாங்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

அவர் மகளுக்கு அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி, குடிப்பழக்கம் இல்லை, பெண்ணைப் பிடித்தும்விட்டது. அந்த நேரம் பார்த்துச் சொல்தாவின் போட்டோ கை மாறிக் கை மாறித் தரகர் போனுக்குப் போய், அங்கிருந்து பையன் வீட்டுக்கும் போய்விட்டது. வரிசையாக இத்தனை கருப்புக் கண்ணாடி, முதலில் நிற்பதே பெண்ணின் தாய், அவளுக்கு ஒரு கண் ஏற்கெனவே போனது. கண் வியாதிக் குடும்பம் என்று நினைத்தார்களோ என்னவோ, பையன் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தடவை வெள்ளைக் கண்ணாடிகள் கொண்டுபோனேன். சாதாரண ஃபிரேம், உடையாத பிளாஸ்டிக் லென்ஸ், பக்கத்தில் சின்ன மறைப்பு. பார்த்தால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கும். மற்ற பெண்கள் ஒருவரையொருவர் டீச்சர் என்று கேலி செய்துகொண்டே மாட்டிப் பார்த்தார்கள். மறுநாளும் மாட்டுவார்கள் என்று நான் நம்பவில்லை. அக்கா கையிலேயே வாங்கவில்லை. கருப்போ வெள்ளையோ, கண்ணாடி என்றாலே பையன் வீட்டுக்குச் சந்தேகம் வரும் என்றார்.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், அப்பறம் ரெண்டு கண்ணாடி கூட போட்டுக்கறேன். அதுவரைக்கும் மாரியாத்தா பாத்துக்குவா."

எனக்குக் கோபம் வந்தது. கல்யாணம் முடிய மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகலாம். சில்லு தெறிக்க முகூர்த்த நாள் பார்க்குமா? சொல்தா மட்டும் அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று வாரா வாரம் போய்ப் பேசிவிட்டு வந்தார். அம்மி இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த நாட்களில் கடையில் யாருக்காவது வலது கண்ணைச் சோதிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்பு வந்து எரிச்சலாக இருந்தது. எனக்கு அவர் உறவும் இல்லை, நட்பும் இல்லை. அப்படியும் பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் வெயிலில் ஒரு அம்மாள் கடைக்கு வந்தார். மூடிப்போன மில்லில் நூற்பு வேலை பார்த்தவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கண்ணாடியில் ஸ்க்ரூ லூசு என்று நீட்டினார். ஸ்க்ரூ நன்றாகவே இருந்தது. சும்மா ஒரு முடுக்கு முடுக்கிக் கொடுத்தேன். அவர் எழுந்து போகவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, சொல்தா எடுத்த போட்டோவைக் காட்டினார். அரியாங்குப்பத்துப் பையனின் அம்மா என்று அப்போதுதான் புரிந்தது. சம்பந்தம் பேசும்போது நாலு இடத்தில் விசாரிப்பது வழக்கம்தான். ஆனால் கண்ணாடிக்காரி வரை வந்து விசாரிப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை.

நடந்ததை முழுதாகச் சொன்னேன். இது சொந்தத்தில் வருகிற வியாதி இல்லை, கல் சில்லு பட்டது, மற்ற பெண்களுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றேன். ஹார்லிக்ஸ் கதையையும் சொன்னேன். அவர் லேசாகச் சிரித்துக்கொண்டார். பிறகு போனைப் பைக்குள் வைத்தார்.

"வியாதின்னு நெனச்சு நான் வரலம்மா. கண்ணு தெரியாத மாமியாள கடேசி வரைக்கும் பாத்தவ நானு. சோறு ஊட்டி, கக்கூஸுக்குக் கைய புடிச்சு கூட்டினு போயி. இந்தம்மாவுக்கு ஒரே பொண்ணு. இருக்கறது ஒத்த கண்ணு. அதுவும் போச்சுன்னா எங்க வூட்டுக்குத்தான வருவாங்க? எம்மருமவளும் அந்தப் பாடுதான படணும்?"

சுயநலம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை நாளில் அந்த வலது கண்ணைப் பற்றி என்னளவுக்குக் கவலைப்பட்ட இன்னொரு ஆள் இவர்தான் என்று பட்டது.

கண்ணாடி போட்டால் அந்தக் கண் போகாது என்று உறுதி சொல்ல முடியுமா என்று கேட்டார். கண்ணுக்கு யாரும் உறுதி தர முடியாது, சில்லு உள்ளே போகாது என்று மட்டும் சொல்ல முடியும் என்றேன். வெறும் பேச்சில் நம்பிக்கை வராத முகம் அவருக்கு. பழைய ரப்பர் ஷீட் மேல் ஒரு லென்ஸை வைத்து, கடைச் சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்தேன். ஓங்கி ஒரு அடி அடித்தார். லென்ஸ் துள்ளிப் போய்க் கதவோரம் விழுந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் இல்லை. பிறகு வெயில் தாழும்வரை இருக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் பையன் வீட்டார் பாக்கு வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். நகை பற்றி ஒரு பேச்சும் இல்லையாம். சம்மந்தியம்மாள் எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பெண்ணின் அம்மா கண்ணாடி போடாமல் கல் உடைக்கக் கூடாது. சொன்னது மட்டுமில்லை, அரியாங்குப்பத்திலிருந்து பஸ் மாறி வந்து, சொல்லாமல் கொள்ளாமல் குவாரியில் இறங்கிப் பார்த்தும் இருக்கிறார். சொல்தா வாரா வாரம் பேசி ஆகாதது ஒரு சம்மந்தியால் ஆயிற்று. கொஞ்ச நாளில் கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ள எல்லாப் பெண்களும் கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் இப்போது அதையும் கேட்கிறார்களாம். சொல்தா இதைத் தன் பயிற்சியின் வெற்றி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறார். சொல்லிக்கொள்ளட்டும், நல்ல மனிதர்.

கல்யாணம் ஆகி ஒரு மழைக்காலம் போயிருக்கும். அக்கா கடைக்கு வந்தார். கண்ணாடியில் வலது பக்கம் மட்டும் மாற்ற வேண்டும், மறைக்கிறது என்றார். விளக்கில் பிடித்துப் பார்த்தேன். லென்ஸில் மிளகு அளவுக்கு ஒரு குழி.

புது லென்ஸ் வெட்டுவதற்கு முன்னால், ஃபிரேமை முகத்தில் மாட்டி, கண்மணி எங்கே வருகிறது என்று லென்ஸ் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைப்போம். தினமும் செய்கிற வேலை. அக்காவுக்கு மாட்டி, நேராகப் பார்க்கச் சொல்லிப் பேனாவை வைத்தேன். முனை அந்தக் குழிக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

பேனாவை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அவர் எதுவும் நடக்காதது போல அந்த ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"சம்மந்தியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா கல்லு ஒடைக்கறத உட்டுட்டு எங்க வூட்டுக்கே வந்து இருன்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க."