ஓடைப்பட்டியில் மருந்து என்றால்

ஈஸ்வரபாண்டிக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. கட்சிக் கூட்டம், விவசாயிகள் கூட்டம், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், எதிலும் தலைகாட்டாத மனிதர். ஓடைப்பட்டியில் விதையில்லாத் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார். பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்து பழகி, ரோட்டில் போகும்போதும் கொஞ்சம் குனிந்தபடிதான் போவார். அப்படிப்பட்டவர் மாதம் தவறாமல் பஸ் ஏறி, சின்னமனூரில் மாறி, பழனிசெட்டிபட்டிக்குப் போய் உடல்நலக் கூட்டத்தில் உட்கார்ந்தார் என்றால் அதற்குக் காரணம் அவர் மனைவி ராக்கம்மாள்.

ராக்கம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை விழுங்கி விழுங்கி அலுத்துப் போயிருந்தாள். பாத்திரக்கடை ஜெபஷீலா தன் கடை மாடியில் ‘முழுநல வட்டம்’ என்று ஒரு கூட்டம் நடத்துவதாகக் கேள்விப்பட்டு, “ஒரே ஒரு தடவ போய்ப் பாப்போம் மாமா” என்று நச்சரித்தாள். ஜெபஷீலா நல்ல மனுஷி. தன் முட்டுவலிக்கு வைத்தியம் தேடப் போய், ஊரில் உள்ள வலியெல்லாம் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டவள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதம் ஒரு பேச்சாளர், வந்தவர்களுக்கெல்லாம் சுக்குமல்லிக் காபியும் குதிரைவாலிப் பொங்கலும்.

முதல் கூட்டத்தில் பேசியவர், காலையில் எழுந்ததும் செம்பு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடிக்காதவன் சிறுநீரகத்துக்குத் துரோகி என்றார். ஈஸ்வரபாண்டி துரோகியாக இருக்க விரும்பாமல் ஒரு மாதம் குடித்தார். அடுத்த கூட்டத்தில் ஒரு அம்மா வந்து, தாகம் எடுக்காமல் தண்ணீர் குடிப்பது உடம்புக்குச் செய்யும் அநியாயம் என்றார். ஈஸ்வரபாண்டி கையைத் தூக்கிவிட்டார்.

“அப்ப தண்ணி குடிக்கலாமா, வேணாமா தாயி?”

“உங்க உடம்பக் கேளுங்க ஐயா, அது சொல்லும்.”

அவர் கேட்டுப் பார்த்தார். அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்கத் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாலே குற்றவாளிபோல முழித்துக்கொண்டு நின்றார். ஒருவர் பழம் மட்டும் சாப்பிடுங்கள் என்றார், இன்னொருவர் பழம்தான் விஷம் என்றார். இரண்டு பேருக்கும் ஜெபஷீலா ஒரே மாதிரி சால்வை போட்டாள். யாரும் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் இனிமையாகச் சிரித்தார்கள். இத்தனை பேர் சொல்வதும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்ற சந்தேகம் ஈஸ்வரபாண்டி ஒருவருக்குத்தான் வந்ததுபோல் இருந்தது. அதனால் தனக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டினார்.

நஞ்சில்லாத உணவைப் பற்றிப் பேசிய மாதம் அவர் ஒரு காரியம் செய்தார். தன் தோட்டத்துத் திராட்சையை ஒரு கூடை நிறைய அறுத்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் பொங்கல் சாப்பிட்டார்கள். திராட்சைப் பக்கம் ஒரு கை நீளவில்லை. “ஓடைப்பட்டிப் பழமா? மருந்துலயே குளிச்சு வந்திருக்குமே” என்று யாரோ சிரித்தது அவர் காதில் நன்றாக விழுந்தது. கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினார். அவமானம் பிடுங்கித் தின்றது. அந்தப் பழத்தைத்தான் அவர் பேரன் பேத்திகள் தின்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் கோயம்புத்தூரிலிருந்து விஜய்ராஜ் என்ற தாடிக்காரத் தம்பி வந்தார். கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு இயற்கை வழிக்கு வந்தவராம். அருமையாகப் பேசினார்.

“மருந்த நிறுத்துங்க. வருஷக்கணக்கா நீங்க கொடுத்த மருந்துதான் இன்னைக்கு நோயா நிக்குது. நிறுத்துனா முதல்ல வாடும். பயப்படாதீங்க, அது கழிவு வெளியேறுற நேரம். பொறுத்திருந்தீங்கன்னா தானாத் துளிர்க்கும்.”

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஈஸ்வரபாண்டியை நீங்கள் முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். ஓடைப்பட்டியில் மருந்து என்றால் திராட்சைக்கு அடிக்கும் மருந்துதான். மருந்துக்கடை என்றால் பூச்சிமருந்துக் கடை. மனிதர்கள் விழுங்குவதற்குப் பெயர் மாத்திரை, அதை விற்கும் இடத்துக்குப் பெயர் மெடிக்கல். வாடுவதும் துளிர்ப்பதும் கொடி செய்கிற வேலை. எனவே அந்தத் தம்பி பேசப் பேச ஈஸ்வரபாண்டியின் கண்முன் அவருடைய பந்தல் அப்படியே விரிந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக ஒரு பேச்சு குழப்பமில்லாமல் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்கம்மாளுக்கும் நன்றாகப் புரிந்தது. அவள் புரிந்துகொண்டது, பேசியவர் உண்மையிலேயே சொன்னதை.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஜன்னலோரமாகச் சேர்ந்தாற்போல் இடம் கிடைத்தது. வீரபாண்டி தாண்டியதும் ராக்கம்மாள் மெல்ல ஆரம்பித்தாள்.

“என்ன மாமா சொல்லுறீக? நிறுத்திருவமா?”

“நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். நிறுத்திருவோம் ராக்கு. துணிஞ்சு நிறுத்திருவோம்.”

“பயமா இல்லையா?”

“என்ன பயம்? மொதல்ல வாடும்னு அவுகளே சொன்னாகல்ல. போனாப் போகட்டும், பாத்துக்குவோம்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டத்தில் உட்கார்ந்த அசதி என்று இவர் நினைத்தார்.

அந்தத் தடவை கொடிகளைக் கழித்துக் கவாத்து வெட்டிய பிறகு ஈஸ்வரபாண்டி ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி வேலியோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். இலை மஞ்சளித்தது. செவட்டை நோய் இலைக்கு இலை தாவியது. ஆனாலும் கழிவு வெளியேறுகிறது என்று ஈஸ்வரபாண்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டில் ராக்கம்மாளும் இளைத்துக்கொண்டே வந்தாள். தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். தண்ணீர் குடிப்பது நல்லதா கெட்டதா என்பதில்தான் இவருக்கு இன்னும் தெளிவில்லையே, பிறகு எப்படி அதை வியாதி என்று கண்டுபிடிப்பார்? “என்ன புள்ள, வாடிப் போயிட்ட?” என்று ஒரு நாள் கேட்டார். “வாடத்தான செய்யும்” என்றாள். அவள் தோட்டத்தைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, “பொறு, துளிர்க்கும்” என்று தைரியம் சொன்னார் மனிதர்.

ஒரு மத்தியானம் அவள் சோற்றுத் தட்டோடு அடுப்படியில் சாய்ந்து கிடந்தாள். கூப்பிட்டதற்கு முனகல் மட்டும் வந்தது. சின்னச்சாமி ஜீப்பை எடுத்தார். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விரலில் குத்திப் பார்த்த மெஷினில் எண்ணே வரவில்லை, அளவு தாண்டிப் போய்விட்டது என்றார்கள். ராக்கம்மாளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். யுவராணி என்ற டாக்டரம்மா கோபமாக வெளியே வந்தார்.

“மருந்த எப்ப நிறுத்துனீங்க?”

“கவாத்து வெட்டுனதுல இருந்து அடிக்கலம்மா.”

“அடிக்கலையா? யார அடிக்கல?”

“பந்தலுக்கும்மா. திராட்சைப் பந்தலுக்கு.”

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நான் உங்க சம்சாரம் சாப்பிடுற சர்க்கரை மருந்தக் கேக்குறேன்.”

“அது மாத்திரைல்லம்மா? அத எதுக்கு நிறுத்துறா? போட்டுக்கிட்டுத்தான இருக்கா?”

“போட்டிருந்தா இப்படி வந்து படுத்திருக்க மாட்டாங்க.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ ஒன்று தப்பாகப் போயிருக்கிறது, அதில் தன் கையும் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே, எப்படி என்று பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துச் சின்னச்சாமி போன் பண்ணினார். ஜீப்போடு ஊருக்குத் திரும்பியவர் நேராகத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

“மாப்ள, செவட்டை ஏம் பந்தலுக்கும் வந்திருச்சு. ஒனக்கும் சேத்து மருந்து அடிச்சு விட்டுரவா?”

“அடி மச்சான். இரு இரு, அடிக்காத. இல்ல, அடிச்சுரு.”

“ஏலே, ஒரு வார்த்தையாச் சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் புரியல மச்சான். ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி.” போனை வைத்த பிறகும் அடிக்கச் சொன்னோமா, வேண்டாம் என்றோமா என்று அவருக்கே நினைவில்லை.

மறுநாள் காலையில் ராக்கம்மாள் கண் திறந்தாள். கையில் ஊசி, பக்கத்தில் சலைன் பாட்டில் தொங்கும் கம்பி. டாக்டரம்மா பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லியிருந்தார். ஈஸ்வரபாண்டி கட்டிலோரம் போய் நின்றார்.

“மாத்திரைய எதுக்கு ஆத்தா நிறுத்துன? என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டேனே மாமா. பஸ்ஸுல கேட்டேன். நிறுத்திருவோம்னீக.”

அவருக்கு அப்போதுதான் எல்லாம் ஒரே அடியாகப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. “அய்யோ ராக்கு, நான் பந்தலுக்குச் சொன்னேன். கொடிக்குச் சொன்னேன்.”

“எனக்கு என்ன தெரியும்? பயமா இல்லையான்னு கேட்டேன். போனாப் போகட்டும்னீக.” அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. “வீட்டுக்கு வந்து ஒரு பாடு அழுதேன். அப்பறம், இம்புட்டு வருஷம் நம்மளக் கட்டிக்கிட்டுச் சலிச்சுப் போனாரு போல, போகட்டும்னு விட்டுட்டேன்.”

இத்தனை நாளும் அந்த நினைப்போடுதான் அவள் சோறு போட்டிருக்கிறாள், வேட்டி துவைத்திருக்கிறாள், பொறு என்று இவர் சொன்னபோது தலையாட்டியிருக்கிறாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் வந்து இரண்டு மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்து, சாப்பிட்டதும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ராக்கம்மாள் பாதி தின்ற இட்லியை ஒதுக்கிவிட்டு அவர் கையைப் பார்த்தாள். “இதப் போடவா, வேணாமா? இப்பவாவது வெவரமாச் சொல்லுங்க.”

செம்புத் தண்ணீர்க்காரர், தாகத்து அம்மா, பழக்காரர், தாடிக்காரத் தம்பி, டாக்டரம்மா எல்லாரும் அவர் தலைக்குள் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் சொல்வது சரி, எது எந்த உடம்புக்கு, எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்.

“பயமா இருக்கு ராக்கு,” என்றார். “நீ போயிருவியோன்னு பயமா இருக்கு.”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு மாத்திரையை வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தாள்.