இறால் தொட்டிக்குப் போட்ட பித்தளை வலை

2008 வாக்கில் நடந்தது இது. அப்போது ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் விருதுநகர் பக்கம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. பம்பு, வால்வு, ஏர் லைன் என்று எது மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததெல்லாம் அதனால்தான்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். முந்தின வருடம் ஒரு கரு மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை டாக்டர், படி இறங்கவே கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சமையலுக்கு ஒரு அம்மா காலையில் வந்து போவார். நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால் அவளுக்குத் துணை டி.வி.தான். கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஒருநாள், "ஏங்க, உசுருள்ளதா ஏதாவது ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

நாய், பூனைக்கு வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மீன் கடை இருந்தது. போனேன். அங்கேதான் முதன்முதலாகச் சிவப்பு இறாலைப் பார்த்தேன். நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பச்சைப் பாசியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் எதையோ பொறுக்கித் தின்றுகொண்டே இருந்தது. படுத்துக்கொண்டே பார்க்க இதைவிட நல்லது கிடையாது என்று தோன்றியது.

கடைக்காரர் கன்னடம் பேசுகிறவர். வருகிறவர்களுக்கு ஏற்றபடி தெலுங்கு, தமிழ் எல்லாம் பேசுவார். ஒன்றரை அடித் தொட்டி, கொஞ்சம் மணல், ஒரு கொத்துப் பாசி, மேலே ஒரு சி.எஃப்.எல். விளக்கு, அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கு ஒரு சின்ன ஏர் பம்பு. இவ்வளவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இவ்ளோதானா? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கு?" என்றேன்.

"இறாலுக்கு இது சாக்கு சார், இதுவே போதும். இதுக்கு மேல போனா குட்டியெல்லாம் ஃபில்டருக்குள்ள போயிடும்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. காற்று ஓட்டம், தண்ணீர் ஓட்டம் எல்லாம் நமக்குத் தெரியாததா? ஸ்பாஞ்சை ஒதுக்கிவிட்டு, இதைப்போல இரண்டு மடங்கு தொட்டிக்குப் போடுகிற மோட்டார் ஃபில்டரை வாங்கினேன். அவர் அதையே கட்டிக் கொடுத்தார். இறாலை மட்டும் பத்து நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதுவரை தண்ணீர் சும்மா ஓடட்டும் என்றார். அதையாவது கேட்டேனே!

குட்டி உள்ளே போய்விடும் என்று சொன்னார் இல்லையா, அதற்கும் நானே ஒரு வழி செய்தேன். கம்பெனியில் கழித்துப் போட்டிருந்த பித்தளை வலையைச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து, வெட்டி, ஃபில்டரின் வாயில் தொப்பி மாதிரி மாட்டினேன். தண்ணீர் வெளியே வருகிற பக்கம் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, செம்புக் குழாயை வளைத்து வரிசையாக ஓட்டை போட்டுப் பொருத்தினேன். இரும்பு என்றால் துருப்பிடிக்கும். செம்பு பிடிக்காது. அதோடு எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம், உடம்புக்கு நல்லது என்று. மனிதனுக்கு நல்லது இறாலுக்குக் கெடுதலா செய்துவிடும்? இப்படிப் போயிற்று என் கணக்கு.

கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்து இருபது இறாலை விட்டோம். அவள் முகம் மாறிப்போனது. நான் ஷிப்டு முடிந்து வந்தால் இறால் செய்திதான். ஒன்று தோல் உரித்ததாம். இன்னொன்று வலைத் தொப்பியிலேயே குடியிருக்கிறதாம். குருணையைவிடச் சிறிய தீனியைக் கிள்ளி, அவளேதான் தினமும் ஒரு வேளை போடுவாள்.

நான்காம் நாள் ஒன்று செத்துக் கிடந்தது. மறுநாள் இரண்டு. பாதித் தண்ணீரை மாற்றினேன், அதற்கு மறுநாள் மூன்று. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. என் ஃபில்டரில் குறை இருக்க முடியாது. மிச்சம் யார்?

"நீதான் தீனிய அள்ளிப் போட்டிருப்ப. அழுகித் தண்ணி கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, தீனி டப்பாவை எடுத்து அவள் கைக்கு எட்டாதபடி அலமாரிமேல் வைத்தேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எங்கிட்ட எதுதான் தங்குது?" என்றாள்.

அது என் காதில் விழுந்தது. ஆனால் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. சாப்பாடும் பாதி தட்டோடு நின்றது. தீனி டப்பா அலமாரிமேல் இருந்தும் இறால் செத்துக்கொண்டே போய், மூன்றுதான் மிச்சம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அடுத்து நான் கடைக்காரர்மேல் பாய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆள் இருக்கும்போது போய், நோய் பிடித்த இறாலைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "தொட்டிக்குள்ள என்னென்ன வெச்சிருக்கீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க சார்" என்றார்.

சொன்னேன். வலையையும் குழாயையும் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"செம்பா! அய்யோ சார்" என்று தலையில் கை வைத்தார். உள்ளே போய் ஒரு நீல மருந்துப் பாட்டிலை எடுத்து வந்தார். "தொட்டியில நத்தை ஜாஸ்தியாச்சுன்னா கொல்றதுக்கு இதைப் போடுவோம். இதுல இருக்கறதே செம்புதான். பித்தளையிலயும் அதுதானே இருக்குது? துளி கரைஞ்சாலும் இறால் தாங்காது சார்."

குட்டியைக் காப்பாற்றப் போட்ட வலை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அந்த வேலியைப் போட்டது நான்.  அவரே, அன்றைக்கு நான் ஒதுக்கிய அதே ஸ்பாஞ்சை எடுத்துக் கொடுத்து, மணல்கூட மாற்றிவிடுங்கள், புது இறால் இப்போது வேண்டாம் என்றார்.

வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், அவளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபில்டரை மாற்றிவிட்டு, பிறகு புதிதாக இறால் விட்டால் விஷயம் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? டீ குடிக்கும்போது கம்பெனி ஞாபகம் வந்தது. ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் காரணம் எழுதுகிற தாளில், மெஷினைப் பார்க்காமலேயே 'ஆபரேட்டர் தவறு' என்று எழுதிவிடுவார்கள். அதற்காக எத்தனை மீட்டிங்கில் நான் சண்டை போட்டிருக்கிறேன்! வீட்டில் நானே அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதுவும் படுக்கையைவிட்டு எழ முடியாதவள் பெயரில்.

வீட்டுக்கு வந்து, உயிரோடிருந்த மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டேன். வலையைக் கழற்றி அவள் எதிரில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் மெதுவாகத் திரும்பி, வலையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல. தீனியால இல்ல. நான் போட்ட வலைதான்."

"நெசமாவா? நான் இல்லையா?"

"சத்தியமா நீ இல்ல."

என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழுதாள், நெடுநேரம் அழுதாள். அவள் கேட்டது இறாலைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடம் அந்தக் கரு கலைந்தபோது அவளிடம் யாரும், நான் உட்பட, 'நீ இல்ல' என்று சொல்லவே இல்லை. டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார், அவள் செய்த எதனாலும் இல்லை என்று. அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அதையும் சொன்னேன். ஒரு வருடம் தாமதமாகச் சொன்னேன்.

எங்கள் மகள் பிறந்து, வளர்ந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தப்பான சாமான் வாங்கியதெல்லாம் எனக்கு மறந்துபோகும். ஆனால் நாலு வார்த்தையைச் சொல்லாமல் ஒரு வருடம் அவளை அவள்மேலேயே பழி போட்டுக்கொள்ள விட்டேனே, அதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.