எழுதாமல் விட்ட ஏழு கிணறுகள்

அந்த வருஷம் சித்திரையில் எங்கள் ஊரில் ஏழு கிணறுகள் விளிம்புவரை நிரம்பியிருந்தன. நான் எழுதிய கணினி நிரல் அப்படித்தான் சொன்னது. ஊரில் இருந்தவர்களோ டிராக்டரில் வரும் தண்ணீருக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. நிலத்தடி நீர் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டம். திட்டத்தை நடத்திய சாரும் நானும்தான் ஊழியர்கள். கணக்குப் போடும் பழைய நிரல் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் இருந்தது. யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போனது. வேறு மொழிக்கு மாற்றலாமா என்று நான் கேட்டபோது சார், "ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் போடற?" என்றார். கல்லூரியில் நிலவியலோடு ஃபோர்ட்ரானும் எங்களுக்கு ஒரு பாடம். எங்கள் வகுப்பில் அதைத் திட்டாமல் படித்தவள் நான் ஒருத்திதான். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது என்பதால் எனக்கு அதைப் பிடித்துப்போனது. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாதே.

என் பங்குக்கு நான் எழுதியது சின்னத் துண்டு. ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். வெளியே இருப்பது ஊர் ஊராகப் போகும். உள்ளே இருப்பது அந்த ஊரின் கிணறுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எடுத்து, தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று படித்துக் கூட்டிக்கொண்டே வரும். கடைசிக் கிணறு முடிந்ததும் சராசரி. அதற்குக் கீழே ஓர் இஃப். சராசரி பதினைந்து மீட்டருக்குமேல் இருந்தால் ஊரின் பெயரைப் பட்டியலில் எழுது, இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போ. பட்டியலில் வரும் ஊர்களில் ஏரியைத் தூர்வாருவார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டுவார்கள்.

கிணற்றை மேலிருந்து அளப்பதால் எண் பெரிதாக இருந்தால் தண்ணீர் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். எண் சிறிதாக இருந்தால் தண்ணீர் மேலே இருக்கிறது. பூஜ்யம் என்றால் விளிம்பு தளும்புகிறது.

ஊருக்கு ஒருவர் கிணறு அளப்பார். எங்கள் ஊருக்கு என் அண்ணன். அரும்பாவூரிலிருந்து உள்ளே போகவேண்டிய ஊர் எங்களுடையது. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். நிலத்தை அண்ணன்தான் பார்த்தான், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும். கிணறு அளக்கும் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நான். எடை கட்டிய நாடாவையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு கிணறுகளையும் சைக்கிளில் சுற்றி வருவான். படிவத்தின் நகல் ஒன்றை ஊராட்சி ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டு, மற்றதை எனக்கு அனுப்புவான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

எங்கள் கிணற்றில் அப்போது தண்ணீர் இல்லை. நிலத்தைக் கேட்டுப் பக்கத்துக் காட்டுக்காரர் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அண்ணன் அவருக்கு ஒரு தவணை சொல்லியிருந்தான். பட்டியலில் ஊர் வந்தால் கொடுப்பதில்லை, ஏரியில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறிவிடும், இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். வராவிட்டால் கொடுத்துவிடுவது. இதை என்னிடம் ஒருமுறைதான் சொன்னான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா இறந்து அப்போது நாலு மாதம். அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் வேலைக்குப் போனேன் என்றுதான் சொல்வேன். திங்கட்கிழமை பஸ் ஏறி அரியலூர் ஹாஸ்டலுக்குப் போவேன், சனிக்கிழமை ஊருக்கு வருவேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகமெல்லாம் வெள்ளையாகிவிடும். துடைத்துக்கொள்ளத் தோன்றாது. ஹாஸ்டலில் என்னோடு சாப்பிடும் பெண்கள் எல்லாம் உப்பில்லாத சாம்பாரைத் திட்டுவார்கள். நான் சாப்பிட்டு முடித்திருப்பேன். உடம்பு மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

படிவங்களைப் பார்த்து எண்களைத் தட்டியதும் அப்படித்தான். எண் இருந்தால் எண். காலியாக இருந்தால் காலி. கை அதுபாட்டுக்குப் போனது.

ஆவணியில் நிரலை ஓட்டினேன். பட்டியல் வந்தது. எங்கள் ஊர் அதில் இல்லை. ஊர்வாரியான சராசரிகள் இன்னொரு கோப்பில் இருந்தன. அதை நான் திறக்கவில்லை. பட்டியலை அச்செடுத்து சார் மேஜைமேல் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நம்ம ஊரு வரலண்ணே."

"நல்லா பாத்தியா பாப்பா?" என்றான்.

"பாத்துட்டேன்."

"சரி வுடு. சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

ஐப்பசிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நிலம் பக்கத்துக் காட்டுக்காரர் கைக்குப் போனது. பத்திரத்தில் கையெழுத்துப் போட நானும் போயிருந்தேன். பெரம்பலூரில் ஓட்டலில் தோசை சாப்பிட்டோம். அண்ணன் ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் லாரிகளுக்கு கேட் திறந்துவிடும் வேலைக்குப் போனான். வெங்காயம் சேர்த்துவைக்கக் கூடத்தில் கட்டியிருந்த பட்டறைத் தட்டிகளை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். எனக்கு வருத்தமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வருத்தம் வரவில்லை. கல் மாதிரி இருந்தேன்.

அடுத்த வருஷம் எங்கள் ஊருக்குக் கிணறு அளக்க ஒரு புதுப் பெண் வந்தாள். கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவள். அவள் அனுப்பிய படிவத்தில் மூன்றாம் கிணற்றுக்கு நேராக 'வறண்டது' என்று எழுதியிருந்தாள். நானும் எண்ணுக்குப் பதிலாக அந்தச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டேன். நிரல் மூன்றாம் கிணற்றில் நின்றுவிட்டது. எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது, என்னால் படிக்க முடியாது என்று பிழை காட்டியது.

எனக்கு ஒரு கேள்வி வந்தது. இத்தனை மாதங்களில் எனக்கு வந்த முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். போன வருஷம் மட்டும் இது ஏன் நிற்காமல் ஓடியது?

பழைய கோப்பைத் திறந்தேன். எங்கள் ஊரின் பன்னிரண்டு வரிகளில் ஐந்தில் எண் இருந்தது. ஏழில் ஒன்றும் இல்லை. வெறும் இடம். ஃபோர்ட்ரானில் இத்தனையாவது கட்டத்திலிருந்து இத்தனையாவது கட்டம்வரை ஓர் எண்ணைப் படி என்று சொல்லி, அங்கே வெற்றிடம் இருந்தால், அது கேள்வி கேட்காது. பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு மேலே போகும். கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். சராசரிக் கோப்பையும் திறந்தேன். எங்கள் ஊருக்கு நேராக ஐந்து மீட்டர் சொச்சம். வாரா வாரம் நான் எட்டிப் பார்த்த கிணற்றில் அடித்தரை வெடித்துக் கிடந்தது. அந்தக் கோப்பைச் சும்மா ஒரு முறை திறந்திருந்தால், அந்த ஐந்தைப் பார்த்திருந்தால், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

லூப்புக்குள் ஓர் இஃப் சேர்த்தேன். எண் பூஜ்யமாக இருந்தால் அந்தக் கிணற்றின் முழு ஆழத்தை எடுத்துக்கொள். எங்கள் பக்கம் கோடையில் தளும்புகிற கிணறு என்று ஒன்று இருந்தால் அதைப் பார்க்கக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவார்கள், ஆகவே தப்பு வராது. போன வருஷத்துக் கோப்பையே திரும்ப ஓட்டினேன். பத்தொன்பது மீட்டர் சொச்சம். பட்டியலில் நாலாவதாக எங்கள் ஊர் நின்றது. மூன்று வரிதான் எழுதியிருந்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"லிஸ்ட் போயி ஒரு வருஷம் ஆச்சேம்மா. அந்த ஊருங்கள்ல வேலையும் முடிஞ்சுது. இப்பப் போயி நாமளே தப்புன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. சைபர் வந்தா அந்தக் கெணத்த வுட்டுட்டு அடுத்ததுக்குப் போற மாதிரி ஒண்ணு போட்டுடு. இனிமே பிரச்சினை வராது."

அதையும் போட்டுப் பார்த்தேன். ஏழு கிணறும் கணக்கிலேயே இல்லாமல் போயின. மிச்சம் ஐந்தும் ஏரி வாய்க்கால் ஓரக் கிணறுகள். பதின்மூன்று மீட்டர். ஊர் மறுபடி பட்டியலுக்கு வெளியே. தண்ணீர் உள்ள கிணறுகளை மட்டும் கேட்டால் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும். சாருக்குச் சொல்லாமல் என் மூன்று வரிகளையே வைத்துக்கொண்டேன். புதுப் பெண் 'வறண்டது' என்று எழுதிய இடத்தைக் காலியாக விட்டு ஓட்டினேன். இந்த வருஷப் பட்டியலில் எங்கள் ஊர் இருக்கிறது. ஊரில் எங்களுக்குத்தான் நிலம் இல்லை.

அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலத்தியூருக்குப் போனேன். அவனுக்கு மத்தியானம் ஷிஃப்ட் முடிந்தது. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் சட்டைக் காலர், புருவம், செருப்பு எல்லாவற்றிலும் சிமெண்டுத் தூசி இருந்தது. இளைத்திருந்தான். எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தான்.

என் தப்பைச் சொல்லும் முன்னால் அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

"போன வருஷம் கெணறு அளந்தப்ப ஏழு கெணத்துக்கு ஒண்ணுமே எழுதாம வுட்டிருக்கியே, ஏண்ணே?"

"அதெல்லாம் வத்திப்போன கெணறு பாப்பா."

"வறண்டதுன்னு எழுதலாமுல்ல?"

"எப்புடி எழுதறது? நோட்டீஸ் ஆபீஸ் பலகைல தொங்குது. பொண்ணு குடுக்க வர்றவன் மொதல்ல கெணத்துல தண்ணி இருக்கான்னுதான் கேக்கறான். தெக்குத் தெருக்காரரு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு, பையனுக்கு இப்பதான் ஒரு எடம் அமைஞ்சு வருது தம்பி, எழுதிப்புடாதன்னு. ஒருத்தருக்கு எழுதாம இன்னொருத்தருக்கு எழுதினா நல்லாவா இருக்கும்? பொய்யா ஒரு நம்பர் போடவும் மனசு வரல. வெறுமனே வுட்டுட்டேன்."

"நம்ம கெணத்துக்கு யாரும் வந்து கேக்கலியே. அதையும் ஏன் வுட்ட?"

அவன் டீயை ஒரு வாய் குடித்தான்.

"அந்த மாசந்தான உன்னப் பாக்க செந்துறையிலேருந்து வந்தாங்க. வர வழியில பலகையப் பாத்துட்டாங்கன்னா?"

அவர்கள் வந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. அம்மா இறந்த வருஷத்துக்குள் என் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளிப்போகும் என்று அண்ணன் அலைந்து ஏற்பாடு செய்த இடம். எனக்கு முடிந்தபிறகுதான் தனக்கு என்று பிடிவாதமாக இருந்தான். ஐந்து பேர் வந்தார்கள், மிக்சர் சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. மாப்பிள்ளையின் முகம்கூட எனக்கு நினைவில்லை. அன்று நான் என்ன புடவை கட்டியிருந்தேன் என்பதும் நினைவில்லை.

சொல்ல வந்ததை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் தன்னால்தான் நிலம் போனது என்று எடுத்துக்கொள்வான். பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்வதில் அவனுக்கு நிகர் அவன்தான். கோப்பைத் திறந்து பார்க்காதவள் நான். பாத்துட்டேன் என்று சொன்னவளும் நான்.

"ஏன் கேக்கற? ஏதாச்சும் தப்பாயிடுச்சா?"

"இல்லண்ணே. புதுசா அளக்கற பொண்ணு வறண்டதுன்னு எழுதி அனுப்பியிருக்கு. அதான் கேட்டேன்."

அவன் முகம் மாறிவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தான்.

"பலகைலயும் அப்புடியேவா போட்டிருக்கு? அது சின்னப் பொண்ணு, வெவரம் தெரியாது. எத்தன வூட்டுல வரன் பாத்துக்கிட்டிருக்காங்களோ. தண்ணி இல்லாத கெணத்துக்கு நேரா ஒண்ணும் எழுதாம வுடச் சொல்லு. நீயே ஒரு போனப் போட்டுப் பக்குவமா எடுத்துச் சொல்லு பாப்பா."

எதிரே லாரிகள் வரிசையில் நின்றிருந்தன. அவன் என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்றேண்ணே" என்றேன்.